ஞாயிற்றுக்கிழமை வெடி வைப்பதில்லை

சுரங்கத்தில் நான் வெடிப் பதிவேடு எழுதுகிறவன்.
எத்தனை குழி, எத்தனை கிலோ மருந்து,
எத்தனை மணிக்கு, திரி கொடுத்தவர் யார்.
மூன்றரைக்குச் சங்கு மூன்று முறை,
சிவப்புக் கொடி,
பிறகு வெள்ளைக்கல் மேடு ஒருமுறை தும்மும்.
ஜாகீர் அம்மாபாளையத்தில்
டம்ளர் தண்ணீர் நடுங்கும்.
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை,
தூளியில் கிடக்கும் பிள்ளைகூட.

ஞாயிற்றுக்கிழமை வெடி வைப்பதில்லை.

அன்று காலை ஏழு ஐம்பது.
கறிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர்.
முதலில் அடியிலிருந்து ஒரு தட்டு,
பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டிக் கூப்பிட்டதுபோல.
ஒன்று, இரண்டு எண்ணும் நேரம்.
அப்புறம் பக்கவாட்டில் ஓர் இழுப்பு:
கொக்கியில் தொங்கிய தொடைகள் எல்லாம்
ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றாகத் திரும்பின.
தட்டில் ஏதுமில்லாமலே
தராசு எடை போட்டது.

வரிசை நகரவில்லை.
"சுரங்கத்துல வெடி" என்றார் மாதேஸ்வரன்.
"ஈரல் கொஞ்சம் சேத்துப் போடுப்பா."
நானும் நின்றேன்.
இதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது:
பதிவேடு என் இழுப்பறையில்,
சாவி என் சட்டைப்பையில்,
கிழமை எனக்குத் தெரியும்.
ஆனாலும் அடுத்த குழி வெடிக்கட்டும் என்று
காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்,
தலைக்கு மேலே விரிசல் விட்ட சன்ஷேடு.

திங்கட்கிழமை கேட்டில் பதினோரு பேர்.
தையல்கடை ஷாகிதா
சுவர் பிளந்ததை செல்போனில் பிடித்து வந்திருந்தார்.
"நஷ்டஈடு யாரு தருவாங்க?"
பதிவேட்டைத் திறந்து காட்டினேன்.
ஞாயிறு, வெறும் தாள்.
"நீங்க வைக்கலைன்னா யாரு வச்சது?"

யாரும் வைக்கவில்லை.
எங்கள் ஜியாலஜிஸ்ட் எஸ்தர் மேடம் சொன்னார்:
நாம் நிற்கும் தரை மொத்தமும்
வடக்கே போய் முட்டிக்கொண்டே இருக்கிறது.
முட்டுவது இமயத்தில்;
இங்கே ஏதோ பழைய பிளவு ஒன்றில் பிடித்துக்கொள்கிறது,
குதிகாலில் பட்ட அடி
இடுப்பில் வலிப்பதுபோல.
சேர்வராயனும் கஞ்சமலையும்
அசையாத சாமிகள் என்று இருந்தேன்.
ஷாகிதா கோபப்படவில்லை.
வெடி என்றால் வந்து திட்ட ஒரு கேட் இருக்கிறது.
போனை அணைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார்.

அன்று ராத்திரி என் வீட்டை
முதன்முதலாகச் சுரங்கக் கண்ணால் பார்த்தேன்.
மகள் தலைமாட்டுக்கு நேர் மேலே பரண்,
பரணில் சீர்வரிசைப் பித்தளை அண்டா,
அண்டாவுக்குள் பழைய கிரைண்டர் கல்.
கட்டிலை நகர்த்தினேன்.
பீரோவைச் சுவரோடு சேர்த்துத் திருகினேன்.
நாலு ஸ்குரூவில் ஒன்று பிடிக்கவில்லை;
அந்த இடத்தில் சுவர் வெறும் மணல்.
சுகுணா சிரித்துக்கொண்டே இருந்தாள்.
அண்டாவை இறக்கும்போது, அந்தக் கனத்தில்,
சிரிப்பை நிறுத்தினாள்.

நம் சங்கு பள்ளிக்கூடத்திலும் கேட்குமே என்று
தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன்.
இப்போது மூன்றரை ஆனால்
முன்னூறு பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில்.
ஒரு கை பிடரியில்,
ஒரு கை பெஞ்சின் காலில்; அது நகர்ந்தால் கூடவே நகர வேண்டும்.
ஓட்டம் கிடையாது, மாடிப்படி கிடையாது,
ஜன்னல் கண்ணாடிக்கு முதுகு.
ஆட்டம் நின்றால் மைதானம்,
கரண்ட் கம்பி போகாத பக்கம்.
தொலைந்த பென்சில்கள் நிறையக் கிடைக்கின்றனவாம்.

நாலாம் வகுப்பில் ஒருவன் கேட்டிருக்கிறான்:
"ஞாயித்துக்கெழம யாரு டீச்சர் சங்கு ஊதுவா?"
அவர் என்னைக் கேட்டார்.
அந்த முதல் தட்டுதான் என்றேன்.
சில நேரம் அதுவும் தெரியாது என்பதையும்
சொல்ல வேண்டியிருந்தது.

வெறும் தாளை நிரப்பிவிட்டேன்.
குழி: இல்லை. மருந்து: இல்லை. நேரம்: 7.50.
திரி கொடுத்தவர் கட்டத்தில் ஒரு கோடு.
மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை.
"நாம வெடிக்காததை நாம எழுதக்கூடாதுய்யா."
சரிதான்.
சாயங்காலம் ஒரு சாண் தள்ளி
வேறு ஓட்டை போட வேண்டும்,
அந்த நாலாவது ஸ்குரூவுக்கு.